அசையாமல் நில், தாவோ!

பிம்முக்கு அந்தத் தீவில் எல்லாமே பயம்தான்.

மூங்கில் குடிலின் தரை பயம். இரண்டு மூங்கிலுக்கு நடுவே விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தது. படுத்துக்கொண்டு பார்த்தால் கீழே நண்டுகள் நடந்து போவது தெரியும். கூரை பயம். அங்கே முழங்கை நீளத்துக்கு ஒரு பல்லி குடியிருந்தது. நினைத்த நேரத்தில் "டொக்-கே! டொக்-கே!" என்று கத்தி அவளைத் தூக்கிவாரிப் போடவைத்தது.

எல்லாவற்றையும் விடக் கடல்தான் பெரிய பயம். பிம்மின் ஊரில் கண்ணுக்கு எட்டிய வரை நெல்வயல். அங்கேயும் தண்ணீர் உண்டு, ஆனால் நல்ல தண்ணீர். விட்ட இடத்தில் நிற்கும். இந்தக் கடலோ காலையில் ஓரிடத்தில் இருந்தது, மதியம் வேறோரிடத்தில் இருந்தது.

"தண்ணின்னா ஒரு இடத்துல நிக்க வேணாமா மாமா?" என்று வந்த அன்றே கேட்டாள்.

தோங் மாமா வயிறு குலுங்கச் சிரித்தார். அவர் அம்மாவின் தம்பி. அந்தக் கடற்கரையில் நான்கு மூங்கில் குடில்கள் கட்டி, வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிறார். பள்ளி விடுமுறைக்கு வந்த பிம்மின் குடும்பத்துக்கு நான்காம் எண் குடிலைக் கொடுத்திருந்தார்.

பயம் என்றால் என்னவென்றே தெரியாதவன் ஒருவன் உண்டு. அவன் பிம்மின் தம்பி. ஆறு வயது. ஒரு வாய் சோற்றை மெல்ல அரைமணி நேரம் எடுத்துக்கொள்வதால் வீட்டில் வைத்த பெயர் தாவோ. அவர்கள் மொழியில் ஆமை என்று பொருள். ஆனால் இந்த ஆமைக்கு நீச்சல் தெரியாது.

ஐந்தாம் நாள் மதியம்தான் வினை வந்தது.

அப்பாவும் மாமாவும் குடிதண்ணீரும் ஐஸும் வாங்கிவரப் படகில் பெரிய தீவுக்குப் போயிருந்தார்கள். அம்மா சமையல்கட்டில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். வெயில் மண்டையைப் பிளந்தது. பானைத் தண்ணீர்கூட வெந்நீர் மாதிரி இருந்தது.

குடில்களுக்கு முன்னால் ஒற்றைத் தூணின் மேல் பொம்மை வீடு அளவுக்கு ஒரு சின்ன வீடு உண்டு. அது இடத்துக்காரருடைய வீடு. கண்ணுக்குத் தெரியாமல் இருந்து அந்த நிலத்தைக் காவல் காப்பவர் அவர். மாமா தினமும் ஊதுபத்தி கொளுத்தி, ஒரு பாட்டில் சிவப்பு சோடாவைத் திறந்து, உறிஞ்சுகுழலும் போட்டு அவர் முன்னால் வைப்பார். அன்று படகுக்குக் கிளம்பும் அவசரத்தில் மதியம்தான் வைத்தார். பாட்டிலின் மேல் முத்து முத்தாகத் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

பிம் இரண்டு பக்கமும் பார்த்தாள். குனிந்தாள். ஒரே ஒரு வாய்தான் என்று நினைத்தாள்.

"அக்கா! அது இடத்துக்காரரோடது!"

பின்னால் தாவோ நின்றுகொண்டிருந்தான்.

"உஷ்! கத்தாத."

"ஊதுபத்தி இன்னும் புகையுது. அது அணைஞ்சப்புறம், அவர்கிட்ட கேட்டுட்டுத்தான் எடுக்கணும்னு மாமா சொன்னாரே. நீ கேட்டியா?"

"மனசுக்குள்ள கேட்டேன்."

"அவர் என்ன சொன்னார்?"

பிம் ஒரு வாய் உறிஞ்சினாள். பாட்டிலை அவன் பக்கம் நீட்டினாள். தாவோ கொஞ்ச நேரம் யோசித்தான். பிறகு அந்த ஆமை வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ஒன்றை மிக வேகமாகக் குடித்தது.

பாட்டில் காலியான பிறகுதான் பிம் அவன் வாயைப் பார்த்தாள். தம்பியின் நாக்கு செக்கச்செவேல் என்று இருந்தது. அம்மா பார்த்தால் உடனே கண்டுபிடித்துவிடுவாள்.

"யார்கிட்டயும் சொல்லக் கூடாது. வாயே திறக்கக் கூடாது. சொன்னேன்னு வை, ராத்திரி இடத்துக்காரர் வந்து உன் காலப் பிடிச்சு இழுப்பார்."

தாவோ தன் காலைப் பார்த்தான். "ரெண்டையுமா?"

"ரெண்டையும்தான்."

"வேற சோடா வெச்சுட்டா?"

"வெச்சுட்டா விட்டுடுவார்."

"வேற சோடா எங்க கிடைக்கும்?"

பிம்முக்குத் தூக்கம் வந்துகொண்டிருந்தது. எதிரே தெரிந்த பாறைத் தீவைத் தாடையால் காட்டினாள். "அங்கதான். லமாய் அத்தை கடைல."

யோசிக்காமல் சொன்ன வார்த்தை. சொல்லிவிட்டுக் குடிலுக்குள் போய்ப் படுத்தாள்.

அந்தப் பாறைத் தீவில் ஒரே ஒரு கடை. கடல் வற்றும்போது இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை தண்ணீருக்கு நடுவே ஒரு மணல் பாதை எழுந்து வரும். முந்தின நாள் குடும்பமே அதில் நடந்துபோய் லமாய் அத்தை கடையில் நூடுல்ஸ் சாப்பிட்டு வந்தது. கடல் மறுபடி ஏறத் தொடங்கிவிட்டால் பாதை கொஞ்சம் கொஞ்சமாக முழுகிப்போகும். அதற்காகவே மாமா பாதையின் நடுவில் ஒரு மூங்கில் கழி நட்டு வைத்திருந்தார். கழியின் அடி நனைந்துவிட்டால் யாரும் மணலில் கால் வைக்கக் கூடாது. நடுவில் போகப் போக ஆழம். போதாததற்கு இரண்டு பக்கத்துக் கடலும் அங்கே வந்து இடித்துக்கொண்டு இழுக்கும்.

பிம் கண் விழித்தபோது இருட்டியிருந்தது. மாலை ஆகிவிட்டதோ என்று பதறி எழுந்தாள். இல்லை. வானம்தான் கறுத்துக் கிடந்தது. தென்னை மரங்கள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்தன. எங்கோ இடி உருண்டது.

"தாவோ?"

பக்கத்துப் பாயில் ஆள் இல்லை. படிக்கட்டில் அவன் செருப்பும் இல்லை.

வெளியே ஓடினாள். இடத்துக்காரர் வீட்டைப் பார்த்தாள். அங்கே இருந்த காலி பாட்டிலையும் காணவில்லை.

லமாய் அத்தை கடை என்று தான் சொன்னது பிம்முக்கு நினைவு வந்தது. அவள் கடலை நோக்கி ஓடினாள். நான்கு நாளாக எதைப் பார்த்துப் பயந்தாளோ, அதன் விளிம்பு வரை ஓடிப்போய் நின்றாள்.

மாமா நட்ட மூங்கில் கழி தண்ணீருக்குள் நின்றது. மணல் பாதையில் பாதி ஏற்கெனவே காணாமல் போயிருந்தது. அந்தக் கோடியில், கடைப் படிக்கட்டுக்குக் கீழே, ஒரு மஞ்சள் சட்டை தெரிந்தது. அது மெல்ல மெல்ல இந்தப் பக்கமாக நடந்து வந்தது. கையில் சிவப்பாக என்னவோ இருந்தது.

"தாவோ! வராத! திரும்பிப் போ!"

காற்று அவள் குரலை அப்படியே வாங்கிப் பின்னால் தென்னந்தோப்புக்குள் வீசியது. அவன் காதுக்கு ஒரு எழுத்துகூடப் போயிருக்காது.

பிம் கையை உயர்த்தி ஆட்டினாள். போ, போ, திரும்பிப் போ என்று பலம் கொண்ட மட்டும் ஆட்டினாள்.

தாவோ அதைப் பார்த்தான். சந்தோஷமாகச் சிவப்பு பாட்டிலைத் தூக்கிக் காட்டினான். நடையை வேகப்படுத்தினான்.

அவள் இன்னும் வேகமாக ஆட்டினாள். அவன் ஓடவே ஆரம்பித்துவிட்டான். கால் தண்ணீரில் பட்டுத் தெறித்தது.

அப்போதுதான் பிம்முக்கு உறைத்தது. அவ்வளவு தூரத்திலிருந்து பார்க்கிறவனுக்குப் போ என்பதும் வா என்பதும் ஒன்றுதான். அக்கா கூப்பிடுகிறாள் என்று நினைத்து வருகிறான். அவள் எவ்வளவு பயந்து ஆட்டுகிறாளோ, அவ்வளவு வேகமாக ஆழத்துக்கு வருவான்.

சட்டென்று கையைக் கீழே இறக்கினாள்.

தண்ணீருக்குள் ஓடலாமா? அவளுக்கும் நீச்சல் தெரியாது. அவள் ஓடினால் அவனும் ஓடி வருவான். அம்மாவைக் கூப்பிடத் திரும்பி ஓடலாமா? அக்கா விட்டுவிட்டுப் போகிறாள் என்று இன்னும் வேகமாக வருவான். எது செய்தாலும் வருவான். இந்தப் பையனை எது நிறுத்தும்?

ஒன்றே ஒன்றுதான் நிறுத்தும்.

பிம்மின் நாட்டில் தினமும் காலை எட்டு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் தேசிய கீதம் ஒலிக்கும்போது ஊரே நிற்கும். சந்தையில், பேருந்து நிலையத்தில், தெருவில், யார் எங்கே இருக்கிறார்களோ அங்கேயே நிற்பார்கள். பெரியவர்கள் நின்றார்கள் என்றால், தாவோ நட்டுவைத்த மாதிரி நிற்பான். அந்த வருஷம்தான் பள்ளியில் சேர்ந்திருந்தான். அசையாமல் நின்றதற்காக டீச்சர் அவன் கன்னத்தில் ஒரு நட்சத்திரம் ஒட்டிவிட்டார். மூன்று நாள் அந்தக் கன்னத்தில் தண்ணீர் பட விடவில்லை, அப்படிப்பட்ட ஆள்.

பிம் இரண்டு கால்களையும் சேர்த்தாள். கைகளை உடம்போடு ஒட்டினாள். முகத்தை நிமிர்த்தினாள். பள்ளிக் கொடிமரத்தின் முன்னால் நிற்பதுபோல் விறைப்பாக நின்றாள்.

நின்றுவிடு தாவோ. தயவுசெய்து நின்றுவிடு.

மஞ்சள் சட்டை இன்னும் நான்கு எட்டு ஓடி வந்தது. ஐந்தாவது எட்டில் தயங்கியது. கறுத்த வானத்தை நிமிர்ந்து பார்த்தது. மாலை ஆகிவிட்டது என்று நினைத்திருக்க வேண்டும். பிறகு பாட்டிலைப் பிடித்த கையைத் தொடையோடு ஒட்டிக்கொண்டு அப்படியே நின்றது.

பிம்முக்கு அழுகை முட்டியது. அழக்கூட முடியாது. தோள் குலுங்கினால் அவன் பார்த்துவிடுவானோ என்று பயம்.

"அம்மா!" உதடு மட்டும் அசையக் கத்தினாள். "அம்மா! இங்க வாங்க!"

காற்று இப்போது உதவியது. அம்மா கையில் மீன் கத்தியோடு வந்தாள்.

"என்னடி, நட்ட கழி மாதிரி நின்னுக்கிட்டு கத்தற? தாவோ எங்க?"

"அம்மா, கைய மட்டும் ஆட்டாதீங்க. ஓடாதீங்க. எதிர்ல பாருங்க."

அம்மா பார்த்தாள். கத்தி மணலில் விழுந்தது. "ஐயோ, எம் புள்ள!"

"ஓடாதீங்கம்மா! நாம அசைஞ்சா அவனும் அசைவான். பாட்டு ஓடுதுன்னு நினைச்சு நிக்கிறான். நீங்களும் நில்லுங்க!"

ஓடப் போன அம்மா, மகளின் முகத்தைப் பார்த்தாள். எதிரே மகனைப் பார்த்தாள். பிம்முக்குப் பக்கத்தில் வந்து விறைப்பாக நின்றாள்.

இரண்டாம் எண் குடிலிலிருந்து ஒரு வெள்ளைக்காரர் எட்டிப் பார்த்தார். பாதி முகத்தில் சவர நுரை, இடுப்பில் துண்டு. இரண்டு பேர் விறைத்து நிற்பதைப் பார்த்ததும் அவரும் படியிறங்கி வந்து, துண்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிமிர்ந்து நின்றார். வேறு சமயமாக இருந்தால் பிம் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள்.

"படகும் இல்லையேடி," என்று அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். "தண்ணி ஏறுதே. அவன் முழங்கால் வரைக்கும் வந்துடுச்சே."

பிம்முக்கும் தெரிந்தது. அவன் நிற்கட்டும் என்று நிறுத்தியாயிற்று. நின்றுகொண்டே இருந்தாலும் கடல் அவனிடம் வரத்தான் போகிறது. நான் நிறுத்தியதே தப்பாகிவிடுமோ என்று நினைத்தாள்.

அந்தக் கரையில் கடைப் படிக்கட்டில் யாரோ இறங்கி வந்தார்கள். பருமனான உருவம், பூப்போட்ட பாவாடை. லமாய் அத்தை! இரண்டு கையையும் வாயருகே குவித்து அவனைத் தேடிக் கூப்பிட்டுக்கொண்டே வந்தாள்.

"கடவுளே, பாத்துட்டா," என்றாள் அம்மா.

லமாய் அத்தை கடைசிப் படிக்கு வந்தாள். தாவோ தண்ணீரில் நிற்பதைப் பார்த்தாள். எதிர்க்கரையில் மூன்று பேர் விறைப்பாக நிற்பதையும் பார்த்தாள். உடனே பாவாடையைச் சரிசெய்து, கையை இறக்கி, அவளும் நிமிர்ந்து நின்றுவிட்டாள்.

"ஐயோ அத்தை, நீங்களுமா!" பிம் முனகினாள்.

பழக்கம் யாரை விட்டது? காற்றில் தனக்குத்தான் பாட்டு கேட்கவில்லை என்று அத்தை நினைத்துக்கொண்டாள் போலிருக்கிறது. தாவோவுக்கும் அவளுக்கும் நடுவே பத்து எட்டுதான் இருந்தது. நடுவில் தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தது.

"நான் கையக் காட்டறேன்," என்றாள் அம்மா.

"வேணாம்மா! கையக் காட்டினா இவன்தான் இங்க ஓடி வருவான்."

பாட்டை முடிக்க வேண்டும். முடிந்தால் அத்தை அசைவாள். ஆனால் தாவோவும் அசைவான், முன்னால் வருவான். அவன் திரும்ப வேண்டும். அத்தையைப் பார்க்க வேண்டும்.

பள்ளியில் பாட்டு முடிந்ததும் என்ன நடக்கும்? பிம் கண்ணை மூடி நினைத்துப் பார்த்தாள். கொடிக்குத் தலை வணங்குவார்கள். டீச்சர் விசில் ஊதுவார். எல்லோரும் அப்படியே பின்னால் திரும்பி வகுப்புக்கு நடப்பார்கள். தாவோ எப்போதும் முன்வரிசையில் நிற்கிறவன். மற்றவர்கள் திரும்புவதைக் கடைக்கண்ணால் பார்த்துத்தான் அவனும் திரும்புவான்.

அப்படியென்றால் அவளும் திரும்ப வேண்டும். கடலுக்கு முதுகைக் காட்ட வேண்டும். அவன் என்ன செய்கிறான் என்று பார்க்கவே முடியாது.

"அம்மா, நான் திரும்பப் போறேன். நீங்க அப்படியே நில்லுங்க. அசையாம அவனையே பாத்துக்கிட்டு இருங்க."

"எதுக்குடி?"

"அவன் என்னைப் பாத்துத் திரும்புவான்."

"திரும்பலேன்னா?"

பிம் மஞ்சள் சட்டையை ஒரு முறை பார்த்துக்கொண்டாள். அவள் மெல்லத் தலை வணங்கினாள். தூரத்தில் மஞ்சள் சட்டையும் வணங்கியது. பிம் ஒரு காலைப் பின்னால் வைத்தாள். டக்கென்று திரும்பினாள்.

இப்போது அவள் முன்னால் தென்னை மரங்கள், குடில்கள், இருண்ட வானம். முதுகுக்குப் பின்னால் கடல் இரைந்தது. ஒரு அலை வந்து அவள் குதிகாலைத் தொட்டது. ஆனாலும் திரும்பிப் பார்க்கவில்லை. பக்கத்தில் நின்ற அம்மாவின் முகத்தை மட்டும் பார்த்தாள். அந்த முகத்தில்தான் தம்பி இருந்தான்.

அம்மாவின் கண்கள் இமைக்கவில்லை. உதடுகள் இறுகியிருந்தன.

ஒன்று. இரண்டு. மூன்று. பிம் எண்ணினாள். ஏழு. எட்டு.

அம்மாவின் வாய் திறந்தது. சத்தம் வரவில்லை.

"என்னம்மா? என்னாச்சு? சொல்லுங்கம்மா!"

"திரும்பிட்டான்," என்றாள் அம்மா. "திரும்பிட்டான்டி. அவளைப் பாத்துட்டான். அவ இறங்கி வரா. பிடிச்சுட்டா! பிடிச்சுட்டா பிம்! தூக்கிட்டா!"

பிம் கடலைத் திரும்பிப் பார்த்தாள். ஈர மணலில் உட்கார்ந்து, அதுவரை அடக்கிவைத்திருந்த அழுகையை எல்லாம் அழுது தீர்த்தாள். அம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். வெள்ளைக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நுரை கண்ணில் பட்டு மேலும் கண்ணீர் வந்தது.

மழை கொட்ட ஆரம்பித்தது. பிம் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, அவன் மேல தப்பு இல்ல. இடத்துக்காரர் சோடாவ நான்தான் எடுத்துக் குடிச்சேன். சொன்னா கால இழுப்பார்னு நான்தான் பயமுறுத்தினேன். அதுக்கு வேற சோடா வாங்கத்தான் போனான்."

அம்மா எதிர்க்கரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முதல்ல அவன் வரட்டும்," என்றாள். "அப்புறம் உன்னைப் பாத்துக்கறேன்." ஆனால் பிடித்த கையை விடவில்லை.

மழை ஓய்ந்து கடல் அடங்கிய பிறகு மாமாவின் படகு வந்தது. வரும் வழியில் லமாய் அத்தை கரையில் நின்று கூப்பிட்டு, தாவோவை அதில் ஏற்றி அனுப்பியிருந்தாள். அப்பா அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு இறங்கினார். அத்தையின் பெரிய பூப்போட்ட துண்டுக்குள் சுருண்டு, தலையை மட்டும் வெளியே நீட்டியபடி அவன் நிஜ ஆமை மாதிரியே இருந்தான்.

பிம் ஓடிப்போய் அவனைக் கட்டிக்கொண்டாள். அலை முழங்கால் வரை வந்து போனது அவளுக்குத் தெரியவே இல்லை.

"தாவோ, இடத்துக்காரர் காலெல்லாம் இழுக்க மாட்டார். நான் சும்மா சொன்னேன். இனிமே அப்படிச் சொல்லவே மாட்டேன்."

"சும்மாவா சொன்ன?" தாவோ முறைத்தான். முறைத்துக்கொண்டே இருந்தான். பிறகு, வேறொரு பெரிய குறை ஞாபகம் வந்ததுபோல முகத்தைச் சுளித்தான்.

"அக்கா, இன்னைக்குப் பாட்டு ரொம்ப நேரம் ஓடுச்சு இல்ல? எனக்கு மூக்கு அரிச்சுது. பயங்கரமா அரிச்சுது. ஆனா நான் சொறியவே இல்ல."

"தெரியும்டா," என்றாள் பிம். "நான் பாத்துக்கிட்டேதான் இருந்தேன்."

"இப்பவும் அரிக்குது. கை ரெண்டும் துண்டுக்குள்ள இருக்கு."

பிம் சிரித்துக்கொண்டே, அழுதுகொண்டே, தம்பியின் மூக்கை நன்றாகச் சொறிந்துவிட்டாள்.